தக்காளி வற்றலும் ஒலிவும் போட்ட சிசிலி பாஸ்டா: உப்புக் கரிக்காமல் செய்வது எப்படி

முதல் தடவை இதைச் செய்தபோது மூன்று பேருக்குச் சமைத்ததை ஒருவரும் சாப்பிடவில்லை. ருசி பார்க்கட்டும் என்று கூப்பிட்ட பாவத்துக்கு, மேல்மாடி சிஞ்ஞோரா ஒரு இழையை வாயில் வைத்துவிட்டு, "கடல் தண்ணீரிலா அவித்தாய், ஜோயா?" என்று கேட்டார். நாங்கள் 'செல்லம்' என்போமே, அதுதான் பலெர்மோவில் 'ஜோயா'. செல்லம் கொஞ்சியபடியே திட்டுவது இந்த ஊர் அம்மாக்களுக்குக் கைவந்த கலை.

பல்லாரோ சந்தைக்கு நான் வருடக்கணக்காகப் போய் வருகிறேன். மீன், கத்தரிக்காய், உள்ளி, பழம். அதற்கு மேல் பை நிறைந்ததில்லை. வாளி வாளியாக ஒலிவும், உப்புப் பூத்துச் சுருண்டு கிடக்கும் தக்காளி வற்றலும் வழியில்தான் இருக்கும். பார்த்துக்கொண்டே கடந்துவிடுவேன். ஒரு நாள் கால் கிலோ வற்றல் வாங்கி வந்தேன். அதன் பிறகு நான்கு தடவை பிழைத்து, ஐந்தாவது தடவைதான் சரியாக வந்தது. அந்த நான்கு பிழைகளையும் நீங்கள் செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மூன்று பேருக்குத் தேவையானவை: ஸ்பகெத்தி 300 கிராம், தக்காளி வற்றல் 50 கிராம் (பாதிப் பாதியாகக் காய்ந்தது என்றால் எட்டுப் பத்து துண்டு வரும்), கொட்டையுள்ள பச்சை ஒலிவ் ஒரு கை நிறைய, உப்பில் போட்ட கேப்பர் ஒரு மேசைக்கரண்டி, உள்ளி இரண்டு பல், செத்தல் மிளகாய் ஒன்று, ஒலிவ் எண்ணெய், காய்ந்த பாண் ஒரு துண்டு, பார்ஸ்லி கொஞ்சம். மச்சம் சாப்பிடுகிறவர்கள் உப்பில் போட்ட நெத்தலி இரண்டு சேர்க்கலாம். இங்கே அதை அச்சுகே என்பார்கள். விரத நாள் இல்லையே என்று பார்த்துத்தான் நான் போடுவேன்.

வாங்கும்போது

ஒலிவில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: நொச்சல்லாரா. திராப்பனிப் பக்கம் பெலிச்சே பள்ளத்தாக்கில் விளைவது. வெளிநாட்டுக் கடைகளில் காஸ்தெல்வெத்ரானோ என்ற ஊர்ப்பெயரோடு விற்பார்கள். பளிச்சென்ற பச்சை, தடித்த சதை, உப்புக் குறைவு, வெண்ணெய் போன்ற ருசி. ஒலிவே பிடிக்காது என்பவருக்கு முதலில் இதைத்தான் கொடுக்க வேண்டும்.

டின்னில் வரும், எல்லாம் ஒரே அளவாக, ஒரே கறுப்பாகப் பளபளக்கும் ஒலிவை வாங்காதீர்கள். அது மரத்தில் பழுத்துக் கறுத்ததல்ல. காயாகப் பறித்து, காரத் தண்ணீரில் (மிளகாய்க் காரமல்ல, காஸ்டிக் சோடா) போட்டு, காற்று ஊதிக் கறுக்க வைத்து, நிறம் போகாமலிருக்க இரும்புச் சத்து உப்பு சேர்த்தது. டின்னில் 579 என்ற எண் இருந்தால் அதுதான். ருசி ரப்பர்.

(மரத்தில் இருக்கும் ஒலிவைப் பறித்து அப்படியே சாப்பிடலாமா என்று என் தம்பி கேட்டான். கேட்டது வாயில் போட்ட பிறகு. ஒலியூரோபீன் என்ற ஒரு பொருள் பச்சைக் காயில் நிறைய இருக்கிறது. பாகற்காய் அதற்கு முன்னால் சர்க்கரை. வாரக்கணக்கில் உப்புத் தண்ணீரிலோ, காரத் தண்ணீரிலோ ஊறிக் கைப்பு இறங்கிய பிறகுதான் அது சாப்பாட்டுக்கு ஆகும்.)

வற்றலில் இரண்டு வகை. உப்புப் பூத்த உலர் வற்றல் ஒன்று, போத்தலில் எண்ணெயில் மிதப்பது இன்னொன்று. உலர்ந்ததை வாங்குங்கள். போத்தலில் பெரும்பாலும் சூரியகாந்தி எண்ணெய்தான் இருக்கும், அந்த எண்ணெய்க்கும் சேர்த்து விலை கொடுக்கிறோம்.

1. தக்காளியின் உப்பை இறக்குதல்

நான் விழுந்த இடம் இதுதான். நின்று படியுங்கள்.

புதுத் தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். அதை இரண்டாகப் பிளந்து, உப்புத் தூவி, ஆவணி வெயிலில் பலகையில் பரப்புகிறார்கள். உப்பு தண்ணீரை இழுத்து வெளியே விடுகிறது, பூஞ்சணம் பிடிக்காமலும் காக்கிறது. தண்ணீர் போய்விடுகிறது. உப்பு எங்கே போகும்? ஒரு முழுப் பழத்துக்குத் தூவிய உப்பு ஒரு ரூபாய்க் காசளவு தோலில் உட்கார்ந்திருக்கிறது.

நான் செய்தது என்னவென்றால், வற்றலைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தேன். தண்ணீர் சிவந்து, வாசமாக, பார்ப்பதற்குப் புளி கரைத்தது போலவே இருந்தது. புளியை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டும் தமிழர் யாராவது உண்டா? எனக்கும் கை வரவில்லை. சட்டியில் ஊற்றிவிட்டேன். கடல் அங்கேதான் வந்தது.

அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள். மனது கேட்காது. கொட்டுங்கள்.

சரியான முறை: இரண்டு கப் தண்ணீரும் அரைக் கப் வினாகிரியும் சிறு சட்டியில் கொதிக்கட்டும். வற்றலைப் போட்டு இரண்டு நிமிடம், அவ்வளவுதான். வடித்து, சுத்தமான துணியில் பரப்பி, மேலே இன்னொரு மடிப்பைப் போட்டு உள்ளங்கையால் அழுத்துங்கள். துணியில் செம்மஞ்சள் வட்டம் வட்டமாகப் பதியும். (வெள்ளைத் துணி எடுக்காதீர்கள்.) ஒன்றை விரலில் பிடித்துப் பாருங்கள், காது மடல் போல வளைய வேண்டும். இன்னும் செருப்புத் தோல் மாதிரி இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுவிட்டு, அந்தத் தண்ணீரையும் கொட்டுங்கள்.

அப்புறம் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போடுங்கள். ஊறுகாய் அளவு உப்பு இருந்தால் சரி. அதற்கு மேல் என்றால் இன்னொரு முறை ஊற வேண்டும். இந்தக் கிள்ளிப் பார்க்கிற வேலையைத் தவறவிடாதீர்கள். ஒவ்வொரு கடை வற்றலும் ஒவ்வொரு மாதிரி.

வெட்டுவதற்குக் கத்தி வேண்டாம், கத்தரிக்கோல். கத்தியில் தோல் வழுக்கும். சமையலுக்கென்று ஒரு கத்தரிக்கோல் இல்லாத வீட்டில் முதலில் அதை வாங்குங்கள்.

2. கேப்பர், ஒலிவ்

கேப்பர் என்பது ஒரு செடியின் விரியாத மொட்டு. பந்தெல்லெரியாத் தீவிலிருந்து வருவது பெயர் பெற்றது. அதுவும் உப்பில்தான் புதைந்து வரும். குழாயில் நன்றாகக் கழுவி, பச்சைத் தண்ணீரில் கால் மணி நேரம்.

ஒலிவின் கொட்டை எடுக்கக் கருவி எல்லாம் விற்கிறார்கள். ஒன்று வாங்கினேன், இப்போது எந்த இழுப்பறையில் கிடக்கிறதோ தெரியாது. உள்ளியை நசுக்குவது போல, கண்ணாடி டம்ளரின் அடியால் ஒரு அழுத்து. 'டக்' என்று பிளந்து கொட்டை தானாக நழுவும். பிய்ந்த ஓரங்களில் எண்ணெய் நன்றாக ஏறும். கொட்டை எடுத்து விற்கும் ஒலிவ் தண்ணீரில் ஊறிச் சப்பென்று இருக்கும், வேண்டாம்.

3. பாண்தூள்

சிசிலியில் இந்த வகைப் பாஸ்டாவுக்குச் சீஸ் போட மாட்டார்கள். வறுத்த பாண்தூள்தான். முத்திக்கா அத்துர்ராத்தா என்று பெயர். சீஸ் வாங்க முடியாத ஏழைகளின் சீஸ் என்பார்கள். மார்ச் 19, தச்சரான புனித சூசையப்பர் திருநாளில் செய்யும் பாஸ்டாவிலும் இதைத்தான் தூவுகிறார்கள், மரத்தூளுக்கு அடையாளமாக. பாண் என்ற நமது சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது, இங்கே இவர்கள் பானே என்கிறார்கள், இரண்டுக்கும் லத்தீன்தான் தாய். வந்த புதிதில் கடையில் எனக்குத் தெரிந்த ஒரே இத்தாலியச் சொல் அதுதான்.

காய்ந்த பாணைத் துருவி, தாச்சியில் ஒரு கரண்டி ஒலிவ் எண்ணெய் விட்டு, சிறு நெருப்பில் கிளறுங்கள். பிட்டுக்கு மா வறுத்த கைக்கு இது விளையாட்டு. ஒரே வித்தியாசம், இது நான்கு நிமிடம் சும்மா கிடந்துவிட்டு ஐந்தாவது நிமிடம் சட்டென்று சிவக்கும். சிவந்ததும் வேறு தட்டுக்கு மாற்றுங்கள். தாச்சியிலேயே விட்டால் அடுப்பை அணைத்த பிறகும் கருகும்.

4. பாஸ்டா

அவிக்கத் தெரியும்தானே, நிமிடம் பெட்டியிலேயே எழுதியிருக்கும். நான் சொல்ல வேண்டியது உப்பு மட்டும். இங்குள்ள கணக்கு: 100 கிராம் பாஸ்டாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. நமக்கு 3 லிட்டருக்கு 30 கிராம் வருகிறது. பாதி போடுங்கள், 15 கிராம். இந்தத் தண்ணீரில் கொஞ்சம் கடைசியில் சட்டிக்குள் வந்து வற்றப்போகிறது.

5. சட்டியில்

அகன்ற அலுமினியச் சட்டி இருந்தால் அதுதான் ராஜா. இலேசாக இருப்பதால் ஒரு கையால் தூக்கிக் குலுக்கலாம்.

இன்னொரு பழக்கத்தை இங்கே விட வேண்டும். தாளிப்பு என்றால் நமக்கு எண்ணெய் காய்ந்து புகைய வேண்டும். இங்கே நெருப்பு மூட்டுவதற்கு முன்பே, குளிர்ந்த எண்ணெயில் (நான்கு மேசைக்கரண்டி) நசுக்கிய உள்ளியைப் போட்டுவிட்டுப் பிறகு அடுப்பை ஏற்றுங்கள், சின்னதாக. உள்ளியைச் சுற்றிச் சிறு குமிழ்கள் வரும், ஓரம் பொன்னிறமாகும். உள்ளியை எடுத்துவிடுங்கள். செத்தல் மிளகாயைக் கிள்ளிப் போடுங்கள். அச்சுகே போடுகிறவர்கள் இப்போது போட்டு அகப்பையால் கரையுங்கள்.

(கறிவேப்பிலை போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வேறு சாப்பாடு.)

வற்றல் துண்டுகளைப் போட்டு ஒரு நிமிடம். அதற்கு மேல் வேண்டாம். காய்ந்த பழத்தில் இனிப்பு இறுகிக் கிடக்கிறது, நெருப்புப் பட்டதும் கருகிக் கைக்கும். கேப்பரும் ஒலிவும் போட்டு, பாஸ்டா கொதிக்கிற சட்டியிலிருந்து ஒரு அகப்பைத் தண்ணீர் ஊற்றுங்கள்.

அந்தத் தண்ணீரைப் பாருங்கள், வெள்ளையாகக் கலங்கி இருக்கும். அது கஞ்சி. முதல் தண்ணீரைக் கொட்டச் சொன்னேன். இதைக் கொட்டக் கூடாது. பெட்டியில் சொன்னதற்கு இரண்டு நிமிடம் முன்பே பாஸ்டாவை இடுக்கியால் தூக்கிச் சட்டியில் போட்டு, இன்னொரு அரை அகப்பைக் கஞ்சி விட்டு, பெரிய நெருப்பில் குலுக்குங்கள். எண்ணெயும் கஞ்சியும் தனித்தனியே ஓடுவது நின்று, இழையைப் பிடித்துக்கொண்டு பளபளக்கும்போது அணைக்கலாம். பார்ஸ்லி, மேலே பாண்தூள். உப்பு ருசி பார்த்துத்தான். இதுவரை எனக்குத் தேவைப்பட்டதில்லை.

ஆறினாலும் நன்றாக இருக்கும். ஞாயிறு காலை பெலெக்ரினோ மலைக்கு, பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கும்பிடப் போகும்போது டப்பாவில் கொண்டுபோவேன். மலையேறும் எங்கள் ஆட்களுக்குள் சோறு கட்டி வருகிறவர்களும் உண்டு, மாற்றிக்கொள்வோம். பாண்தூளை மட்டும் தனியாகக் கட்டுங்கள், கலந்தால் ஊறிவிடும்.

பின்சேர்க்கை

எண்ணெயில் ஊறிய வற்றல்தான் கிடைக்கிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். அப்படியென்றால் முதல் படியே வேண்டாம். எண்ணெயைத் துடைத்துவிட்டு நேரே வெட்டுங்கள். ஆனால் கிள்ளிப் பார்ப்பது உண்டு.

மீன் வைத்துச் செய்யலாமா? தாராளமாக. மெசினாவில் வாள்மீனைத் தக்காளி, ஒலிவ், கேப்பரோடு சமைப்பார்கள். ஐந்தாம் படிக் கூட்டில் பாஸ்டாவுக்குப் பதில் மீன் துண்டை வைத்து மூடிவிடுங்கள்.

ஒரு வாசகி, மீந்த வற்றலைப் பச்சை உள்ளியோடு எண்ணெயில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். உடனே எறியச் சொல்லிப் பதில் போட்டேன். காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பச்சை உள்ளி, குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியில் கிடந்தால் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சு உண்டாகலாம். வாசத்திலோ நிறத்திலோ தெரியாது. உள்ளி போட்டால் குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாளுக்கு மேல் வேண்டாம். நான் உள்ளியே போடுவதில்லை. வினாகிரியில் போட்டெடுத்த வற்றலை நன்றாகத் துடைத்து, எண்ணெய் மூடும்படி ஊற்றிப் பெட்டியில் வைத்து, ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுவேன்.

அப்படி வைத்தபோது எண்ணெய் வெள்ளையாகக் கட்டிவிட்டது, கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிட்டேன் என்று இன்னொருவர். ஐயோ, கொட்டச் சொன்னது அந்த முதல் தண்ணீரை மட்டும்தான். குளிரில் தேங்காய் எண்ணெய் கட்டுவதில்லையா, இதுவும் அப்படித்தான். மேசையில் அரை மணி நேரம் வையுங்கள், தெளிந்துவிடும்.