நீண்ட தூர வேட்டைக்குக் கம்பெனித் தோட்டா வாங்குவது எப்படி?

அமெரிக்காவின் கொலராடோவில் முதல் தடவையாக எல்க் (பெரிய மான் இனம்) வேட்டைக்கு டேக் (அந்த விலங்கை வேட்டையாடத் தரும் அனுமதிச் சீட்டு) கிடைத்த நண்பர் ஒருவர் போன வாரம் வாட்ஸாப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். கடையின் தோட்டா அலமாரி, தரையிலிருந்து தலைக்கு மேல் வரை கம்பெனியிலேயே தயாராகி வரும் தோட்டாப் பெட்டிகள். கீழே ஒரே வரி: "இதுல எதை எடுக்கட்டும்?" பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. சரி, எல்லாருக்கும் உதவட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். இங்கே பேசுவது அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் உரிமமும் டேக்கும் எடுத்துச் செய்யும் வேட்டையைப் பற்றி மட்டும். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. அதை முதலில் சரிபார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

இன்னொன்று, சொற்களைப் பிரித்துக்கொள்வோம். கேஸ் (உலோகக் கூடு), பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொருள் தோட்டா. அதன் முனையிலிருந்து பறந்து போவது குண்டு. பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

படி 1: முதலில் உங்கள் பேரலைப் பாருங்கள்

பேரலின் (துப்பாக்கிக் குழாயின்) மேல் எந்தத் தோட்டா என்று பொறித்திருக்கும். அதே பெயர், எழுத்து பிசகாமல் பெட்டியிலும் இருக்க வேண்டும். 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம், 7 எம்எம் பிஆர்சி, 7 எம்எம்-08 மூன்றும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருக்கும். மூன்றும் வேறு வேறு. ஒன்றுக்காகச் செய்த துப்பாக்கியில் மற்றதைப் போட முயல்வது உயிரோடு விளையாடுவது.

அடுத்து ட்விஸ்ட். பேரலுக்குள் இருக்கும் சுருள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்ற கணக்கு அது. 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவுக்கான துப்பாக்கிகளில் பெரும்பாலும் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பழைய .270 வின்செஸ்டரில் 10 அங்குலம். நீண்ட தூரத்துக்கு என்று வரும் குண்டுகள் நீளமானவை. நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். தாத்தா காலத்து .270ஐ வைத்துக்கொண்டு மிக நீளமான புது குண்டை வாங்கினால், அது பம்பரம் தள்ளாடுவதுபோலத் தள்ளாடிக்கொண்டே போகும். எந்த ட்விஸ்ட் வேண்டும் என்பதைக் குண்டு தயாரிப்பவர்கள் தங்கள் தளத்தில் போட்டிருப்பார்கள்.

படி 2: உங்கள் தூரம் எவ்வளவு?

பெட்டியில் "லாங் ரேஞ்ச்" என்று அச்சடித்திருப்பதால் உங்களுக்கு 600 கஜம் கைவந்துவிடாது. ஒரு சோதனை சொல்கிறேன். 9 அங்குலப் பேப்பர் தட்டுகள் ஒரு கட்டு வாங்குங்கள், பிறந்தநாள் பார்ட்டியில் கேக் வைத்துக் கொடுப்போமே, அதேதான். 200 கஜத்தில் ஒன்றை நிறுத்துங்கள். மேசை, மணல் மூட்டை எதுவும் வேண்டாம். மலையில் எப்படிச் சுடுவீர்களோ அப்படி, முதுகுப் பையின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து, கொஞ்சம் ஓடி மூச்சு வாங்கியபடி ஐந்து சுடுங்கள். ஐந்தும் தட்டில் விழுந்தால் 300க்குப் போங்கள். ஒன்று தவறும் இடத்துக்கு முந்தைய தூரம்தான் உங்கள் எல்லை. கையிலிருக்கும் எந்தத் தோட்டாவை வைத்தும் இதைச் செய்யலாம்.

முதல் வருடம் எனக்கு அது 300 கஜத்தில் நின்றது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கப்புறம் தோட்டா வாங்குவது சுலபமாகிவிட்டது. 300 கஜத்துக்குள் என்றால் அலமாரியில் இருக்கும் நல்ல வேட்டைத் தோட்டாக்களில் அனேகமாக எல்லாமே வேலை செய்யும். அதற்கு மேல் போகிறவர்களுக்குத்தான் மீதிப் பதிவு.

படி 3: குண்டு எந்த வகை?

இங்கேதான் நான் ஏமாந்தேன். ஹார்னடி கம்பெனியின் 6.5 கிரீட்மோர் தோட்டாக்களில் 143 கிரெய்ன் இஎல்டி-எக்ஸ் என்று ஒன்று, 140 கிரெய்ன் இஎல்டி மேட்ச் என்று ஒன்று. (கிரெய்ன் என்பது எடை, 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு.) இரண்டு குண்டுக்கும் சிவப்புப் பிளாஸ்டிக் முனை. கேஸும் ஒன்றே. மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். நான் போன கடையில் இருந்த பையன் மேட்ச் பெட்டியை எடுத்துக் கொடுத்து, "இது இன்னும் துல்லியம், எல்க்குக்கும் இதுவே போதும்" என்றான். தலையாட்டிக்கொண்டு மூன்று பெட்டி வாங்கி வந்தேன். வீட்டில் உட்கார்ந்து படித்த பிறகுதான் தெரிந்தது, மேட்ச் குண்டு காகிதத்தில் ஓட்டை போடுவதற்காகச் செய்தது. உடம்புக்குள் போனால் அது சிதறலாம், விரியாமல் ஊசிபோல நுழைந்து வெளியேறவும் செய்யலாம். இரண்டிலும் விலங்கு காயத்தோடு ஓடக்கூடும். அந்த மூன்று பெட்டியும் பயிற்சிக்குப் போயின.

வேட்டைக்கு வேண்டியது உள்ளே போனதும் காளான்போல விரியும் குண்டு. கொலராடோவில் இது சட்டமும்கூட. விரியும் குண்டாக இருக்க வேண்டும், எல்க்குக்குக் குறைந்தது 85 கிரெய்ன், மானுக்கு 70 கிரெய்ன், 100 கஜத்தில் 1000 அடி-பவுண்டு (குண்டின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல்.

விரியும் குண்டுகளில் கடையில் அதிகம் பார்ப்பது மூன்று ரகம். செம்பு உறைக்குள் ஈயம் வைத்த பிளாஸ்டிக் முனைக் குண்டு (இஎல்டி-எக்ஸ் இந்த ரகம்) நன்றாக விரியும், குறைந்த வேகத்திலும் விரியும். கிட்டத்தில், அதிக வேகத்தில், தோள்பட்டை எலும்பில் பட்டால் எடையை நிறைய இழக்கும். ஈயத்தை உறையோடு ஒட்டவைத்த ரகம் கிட்டத்திலும் உடையாமல் பிடிவாதமாக நிற்கும். நாஸ்லர் அக்யூபாண்ட், ஃபெடரல் டெர்மினல் அசென்ட் எல்லாம் இது. மூன்றாவது, ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டு, உதாரணமாக பார்ன்ஸ் எல்ஆர்எக்ஸ். ஆழமாகப் போகும், இறைச்சியில் ஈயத் துகள் இருக்காது. ஆனால் விரிய அதற்குப் பொதுவாக வேகம் கூடுதலாகத் தேவை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாத குண்டுதான், அங்கே இருப்பவர்களுக்கு இந்த யோசனையே தேவையில்லை.

என்னைக் கேட்டால் எல்க்குக்கு ஒட்டவைத்த ரகம். மானுக்கும் பிராங்ஹார்னுக்கும் (மான்போன்ற ஒரு விலங்கு) முதல் ரகமே தாராளம்.

படி 4: பெட்டியின் ஓரத்தில் இருக்கும் அட்டவணை

குண்டு கிளம்பும்போது உள்ள வேகத்தைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அது போய்ச் சேரும்போது உள்ள வேகம். மேலே சொன்ன 143 கிரெய்ன் இஎல்டி-எக்ஸையே எடுத்துக்கொள்வோம். பேரலை விட்டுக் கிளம்பும்போது விநாடிக்கு 2700 அடி. 400 கஜத்தில் 2155, 500 கஜத்தில் 2029. ஆற்றல் 400 கஜத்தில் 1475 அடி-பவுண்டு, 500இல் 1308.

இந்த எண்களை இரண்டு கேள்விகளோடு படிக்க வேண்டும். ஒன்று, அங்கே போகும்போது குண்டு விரியுமா? பல குண்டுகளுக்கு விநாடிக்கு 1800 அடி என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்வது வழக்கம். நீண்ட தூரத்துக்கென்றே செய்த சிலவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் 1300, 1350 வரைகூடச் சொல்கிறார்கள். 1800 அடிக் கணக்கிலேயே நம்முடைய 143 கிரெய்ன் கிட்டத்தட்ட 700 கஜம் வரை தாங்கும்.

இரண்டு, ஆற்றல் போதுமா? எல்க்குக்கு 1500 அடி-பவுண்டு, மானுக்கு 1000 என்று வேட்டைக்காரர்களிடையே ஒரு வாய்மொழிக் கணக்கு உண்டு. பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. இருந்தாலும் புதியவரின் கையைப் பிடித்து நிறுத்த நல்ல கணக்கு. அதன்படி இதே தோட்டா எல்க்குக்கு 400 கஜத்தை எட்டும் முன்பே முடிந்துவிடுகிறது. மானுக்கு 500 தாண்டியும் போகும். ஒரே பெட்டி, விலங்கு மாறினால் தூரம் மாறுகிறது. கடைக்காரர் "இது எவ்வளவு தூரம் போகும்?" என்ற கேள்விக்கு ஒரே எண்ணைச் சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியானால் எல்க்குக்கு 7 எம்எம் பிஆர்சி, .300 வின்செஸ்டர் மேக்னம் என்று பெரிதாகப் போய்விடலாமே? போகலாம். ஆனால் சுடும்போது தோளில் விழும் உதை கூடும். உதைக்குப் பயந்து சுடுவதற்கு முன்பே கண்ணை மூடுகிறவருக்கு எந்த மேக்னமும் உதவாது.

படி 5: பி.சி. என்ற எண்

பாலிஸ்டிக் கோஎஃபிஷியன்ட், சுருக்கமாக பி.சி. காற்றைக் குண்டு எவ்வளவு சுலபமாகக் கிழிக்கிறது என்பதன் அளவு. குண்டு எவ்வளவு கீழே இறங்கும் என்பதற்கு இதைப் பார்க்கிறார்கள். இறக்கத்தை ஸ்கோப்பில் (துப்பாக்கி மேலுள்ள தொலைநோக்கியில்) திருகிச் சரிசெய்துவிடலாம், தூரம் தெரிந்தால் போதும். காற்றை அப்படித் திருக முடியாது, பி.சி. உண்மையில் உதவுவது அங்கேதான். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் என்ன காற்று அடிக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இஎல்டி-எக்ஸ் 143இன் பி.சி. 0.625. குறுக்காக மணிக்கு 10 மைல் காற்று அடித்தால் 300 கஜத்தில் 5 அங்குலம் தள்ளும், 400இல் 9, 500இல் 15. பி.சி. 0.4 உள்ள சாதாரண மென்முனைக் குண்டு அதே வேகத்தில் கிளம்பினால் 500 கஜத்தில் 25 அங்குலத்தை எட்டிவிடும். பேப்பர் தட்டு 9 அங்குலம்தான், ஞாபகம் இருக்கட்டும்.

படி 6: மூன்று பெட்டி, ஒரு காலைப் பொழுது

இவ்வளவு பார்த்த பிறகு மூன்று வகைகள் மிஞ்சும். மூன்றிலும் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். 20 தோட்டாப் பெட்டி ஒன்று 40 டாலருக்கு மேல் ஆகும், கை கடிக்கும்தான். ஆனால் எந்தத் துப்பாக்கிக்கு எது பிடிக்கும் என்பதைச் சுட்டுப் பார்க்காமல் சொல்லவே முடியாது. பக்கத்து வீட்டுக்காரரின் அதே மாடல் துப்பாக்கி விரும்புவதை உங்களுடையது துப்பிவிடும்.

100 கஜத்தில் ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாக இரண்டு சுற்று. மூன்று மட்டும் சுட்டுவிட்டு "அரை அங்குலம்!" என்று குதிக்காதீர்கள், அது அதிர்ஷ்டமாக இருக்கலாம். நடுவில் பேரல் ஆறட்டும். ஐந்தும் ஒன்றரை அங்குலத்துக்குள் அடங்கினால் 400 கஜத்தில் அது ஆறங்குலம் ஆகும், தட்டுக்குள் இருக்கும். முடிந்தால் குரோனோகிராஃப் ஒன்றை இரவல் வாங்கி வேகத்தையும் அளந்துவிடுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் 24 அங்குலப் பேரலில் அளந்தது. என்னுடையது 22 அங்குலம். 2700 என்று போட்டிருந்த இடத்தில் எனக்கு வந்தது 2640. இந்த 60 அடி 500 கஜத்தில் சுமார் 3 அங்குலம் கீழே இறக்கிவிடும்.

படி 7: ஒரே லாட்

பிடித்தது எது என்று தெரிந்ததும் பெட்டியின் மடிப்பில் அச்சிட்டிருக்கும் லாட் எண்ணை (எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்) பாருங்கள். அதே எண்ணில் ஐந்தாறு பெட்டியாவது சேர்த்து வாங்கிவிடுங்கள். அதே பெயர், அதே குண்டு என்றாலும் வேறு லாட்டில் மருந்து கொஞ்சம் வேறாக இருக்கலாம். ஒரு வருடம் மீதமிருந்த பெட்டியோடு புதுப் பெட்டியைக் கலந்து போட்டுவிட்டு, ஸ்கோப்தான் கெட்டுவிட்டது என்று இரண்டு வாரம் திருகிக்கொண்டிருந்தேன்.

அளந்த வேகத்தையும் பி.சி.யையும் போனிலுள்ள பாலிஸ்டிக் ஆப்பில் போட்டு, 50 கஜத்துக்கு ஒரு வரியாக எழுதித் துப்பாக்கியின் கட்டையில் செலோடேப்பால் ஒட்டிக்கொள்ளுங்கள். மலையில் போன் செத்துப்போகும். ஆப்பில் உயரத்தையும் குளிரையும் மறக்காமல் மாற்றுங்கள். ஆகஸ்ட் வெயிலில் டென்வர் பக்கம் சரிசெய்த துப்பாக்கியை நவம்பர் பனியில் 10,000 அடி உயரத்துக்குக் கொண்டு போகிறீர்கள். மெல்லிய காற்றில் குண்டு குறைவாக இறங்கும், குளிர்ந்த மருந்து வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும்.

மலைக்குப் போய்ச் சேர்ந்ததும், சுட அனுமதியுள்ள இடத்தில், பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்த்து, 200 கஜத்தில் ஒரு தட்டை நிறுத்தி ஒரே ஒரு தோட்டா சுடுங்கள். வண்டியின் குலுக்கலில் ஸ்கோப் நகர்ந்திருந்தால் அதில் தெரிந்துவிடும். நண்பருக்கும் இதைத்தான் சொன்னேன். அவர் கேட்டது: "தட்டு எந்தக் கடையில வாங்கட்டும்?"