துருப்பிடித்த எம்ஜிபி: வெட்டும் முன் செய்ய வேண்டியவை

இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை, எம்ஜி நிறுவனத்தின் எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாராயின. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தம் கையாலேயே மீட்டெடுக்க நினைப்பவர்கள் பலர் இதைத் தேடிப் போவதற்கு, 1798 சிசி எஞ்சின் எளிமையானது என்பதும், உதிரிபாகங்களில் பெரும்பாலானவை இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன என்பதும் காரணங்கள். எஞ்சின் பழுது யாரையும் தோற்கடிப்பதில்லை. வேலையைப் பாதியில் நிறுத்த வைப்பது துருதான்.

இதற்கு முந்தைய மாடலான எம்ஜிஏவுக்குச் சேஸிஸ் என்னும் அடிச்சட்டம் தனியாக உண்டு. எம்ஜிபிக்கு அது கிடையாது, பாடியே சேஸிஸ். கூரையில்லாத ரோட்ஸ்டர் வகையில் கதவுகளுக்கு அடியில் வாசற்படி போல ஓடும் ‘ஸில்’ என்னும் பெட்டி வடிவப் பகுதிதான் காரின் முன்பாதியையும் பின்பாதியையும் பிணைத்து நிறுத்துகிறது. குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையில் தூவப்படும் உப்பு முதலில் கைவைப்பதும் அந்த இடத்தில்தான்.

ஆகவே வாங்கப் போகும்போது பெயின்ட்டின் பளபளப்பைப் பார்க்காமல் கதவைப் பாருங்கள். கதவின் பின்விளிம்பில் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே நெருங்கி, கீழே அகன்றிருந்தால் நடுப்பகுதி தொய்ந்துவிட்டது என்று பொருள். பிறகு உரிமையாளரின் அனுமதியோடு, ஜாக்கி வைக்கும் இடத்தில் ஜாக்கி கொடுத்துச் சற்றே தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். அது இறுகிக்கொண்டாலோ, ஜாக்கி தகட்டுக்குள் புதைந்தாலோ, மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் ஸில் போய்விட்டது. மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால், அது ஒட்டாத இடமெல்லாம் ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி என்று தெரிந்துவிடும். முன்சக்கரத்தின் பின்னால் மட்கார்டுக்குள் கைவிட்டால் ஈரமண் ஒரு பிடி வருவது வழக்கம். பல ஆண்டுகளாக அங்கேயே தங்கி உள்ளிருந்து அரித்த மண் அது. இருக்கைகளின் பின்னே உள்ள பேட்டரிப் பெட்டிகளையும், பின் ஸ்பிரிங் பட்டைகள் பாடியோடு இணையும் இடங்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள்.

இரு ஸில்களோடு தரையும் கதவுத் தூண்களும் அரித்துப் போயிருந்தால், துண்டு துண்டாக ஒட்டுவதைவிட முழுப் புதிய பாடி வாங்குவது மலிவா என்று கணக்குப் போட வேண்டும். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 முதல் அத்தகைய பாடிகளைத் தயாரித்து வருகிறது. என்னைக் கேட்டால், தம் உழைப்புக்கும் விலை போட்டுப் பார்ப்பவர்கள்தான் இந்த முடிவைச் சரியாக எடுக்கிறார்கள்.

ஸில்லை மாற்றுவது என்று முடிவானால், எல்லாவற்றையும் கழற்றிப் பரப்பும் ஆசையை அடக்கிக்கொண்டு, கதவுகளை அவற்றின் இடத்திலேயே விட்டுவையுங்கள், அளவுகோலே அவைதாம். பெட்ரோல் டாங்கையும் கார்ப்பெட்டையும் அகற்றி, பேட்டரி இணைப்பைத் துண்டித்து, தீயணைப்பான் ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காரைச் சமதளத்தில் நிறுத்தி, அதன் எடை வழக்கம்போல முன்புறக் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பர் மீதும் பின் ஆக்ஸில் மீதும் விழும்படி ஸ்டாண்டுகள் கொடுங்கள். முன் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையே, கதவை மூடித் திறக்க இடையூறில்லாமல், உட்புறமாக இரும்புக் குழாய் ஒன்றை முட்டுக் கொடுத்துப் பற்றவைத்த பிறகே வெட்டத் தொடங்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்தான். இரண்டையும் சேர்த்து வெட்டினால் கார் நடுவில் தொய்வதைத் தடுக்க முடியாது.

வெளி ஸில் முன் மட்கார்டுக்கு அடியிலும் பின் மட்கார்டுக்கு உள்ளேயும் நுழைந்து செல்வதால், முன்னதைக் கழற்றி, பின்னதன் அடிப்பகுதியை வெட்டி எடுத்தாக வேண்டும். இந்தச் சிரமத்தைத் தவிர்க்கவே சில பட்டறைகளில் பழைய துருவின் மேல் புதிய தகட்டை மூடிப் பற்றவைத்துவிடுகிறார்கள். அது பழுதுபார்த்தல் ஆகாது, மறைத்தல். வெளித்தகட்டை எடுத்தபின் தெரியும் நடுத்தகட்டையும், உள் ஸில்லையும், அடியில் ஓடும் ‘கேஸில் ரெயில்’ என்ற பட்டையையும் நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டுங்கள். புதிய தகடுகளை முதலில் கிளாம்பாலும் திருகாணியாலும் பிடித்துவைத்து, கதவை மூடி, மட்கார்டைப் பொருத்தி, இடைவெளியைச் சரிபாருங்கள். இதற்கே ஒரு முழு நாள் ஆகலாம், ஆகட்டும். பிறகு, தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடங்களில் துத்தநாக வெல்டிங் பிரைமர் பூசி, மேல்தகட்டில் சுமார் 6 மில்லிமீட்டர் துளைகள் இட்டு, மிக் வெல்டிங்கால் (கம்பியை இயந்திரமே ஊட்ட, வாயுக் காப்பில் பற்றவைக்கும் முறை) அவற்றை நிரப்புங்கள். தகடுகளைப் புள்ளி புள்ளியாக இணைக்கும் தொழிற்சாலையின் ஸ்பாட் வெல்டிங்குக்கு இது நல்ல மாற்று. நீளமாக இழுத்தால் சூட்டில் தகடு நெளியும் என்பதால், இங்கொன்றும் அங்கொன்றுமாக வையுங்கள். துத்தநாகப் புகை உடலுக்குக் கேடு. வேலை செய்யும் இடத்தின் கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்து, அதற்குரிய முகமூடியோடு வேலை செய்யுங்கள்.

பெயின்ட் காய்ந்தபின் ஸில்லின் உள்ளே மெழுகு பீய்ச்ச வேண்டும். அடியிலுள்ள வடிகால் துளைகளை அது அடைத்துவிடாமல் கம்பியால் குத்திவிடுங்கள்.

எஞ்சின் நீண்டகாலம் ஓடாமல் இருந்திருந்தால், பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் கழித்துக் கையால் சுழற்றிப் பாருங்கள். பிரேக் ஹோஸ்களைப் பேச்சின்றி மாற்றிவிடுங்கள். 1967 வரையிலான கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அதை மறந்து புதிய ரேடியோவை மாட்டினால் அது புகைந்துவிடும்.

பிரிட்டனில் 40 ஆண்டுகளைக் கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே முதல் ‘எம்ஓடி’ என்னும் வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. ஆயினும் வேலை முடிந்ததும் ஒருமுறை அந்தச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்கள் பற்றவைத்த இடங்களை, உங்கள் உழைப்பின்மேல் பாசமில்லாத ஒருவர் விளக்கடித்துப் பார்த்துச் சொல்வார்.