விழுந்த நிதிக் கம்பனியின் கடன்களை வாங்குவது எப்படி

நிதிக் கம்பனி ஒன்றின் அனுமதிப்பத்திரத்தை இலங்கை மத்திய வங்கி ரத்துச் செய்தாலும், அதனிடம் கடன்பட்டவர் கட்ட வேண்டியதைக் கட்டத்தான் வேண்டும். த பினான்ஸ் கம்பனிக்கு 2020 மே மாதமும், ஈ.டி.ஐ. பினான்ஸுக்கு ஜூலையிலும் அனுமதி போனது. அப்படியான நேரத்தில் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கிளை வைத்திருக்கும் இன்னொரு கம்பனிக்கு லாபம் தருவது, அந்தக் கடன்களைக் குறைந்த விலைக்கு வாங்கி அறவிடுவதுதான்.

விலையை மொத்தமாகப் பேசாதீர்கள். உதாரணத்துக்கு 10 கோடி ரூபா நிலுவையில் 6 கோடி ஒழுங்காக ஓடுகிறது, 2.5 கோடி 90 நாள் தாண்டியது, 1.5 கோடி ஒரு வருடத்துக்கு மேல் நின்றுபோனது என்று வையுங்கள். முறையே 90, 45, 5 வீதம் கொடுத்தால் 6.6 கோடி. 95, 60, 10 வீதம் அறவிட்டால் 7.35 கோடி. அறவிடும் செலவு 35 லட்சம் போக 40 லட்சம் மிஞ்சும். ஓடும் கடனின் வட்டி இதில் சேரவில்லை, நீங்கள் புரட்டிய பணத்தின் வட்டியும் கழியவில்லை. இதிலே நல்ல கடனின் அறவீடு 85 வீதமாக இறங்கினால் 20 லட்சம் நட்டம். கெட்ட கடனைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுவார்கள்; கையைச் சுடுவது நல்ல கடன்தான்.

அது ஏன் இறங்குகிறது? "கம்பனியே போயிட்டுது, யாருக்குக் கட்டுறது?" என்ற பேச்சு தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் பரவும். இரண்டு மாதம் யாரும் வராவிட்டால், கட்டிவந்தவரும் நிறுத்திவிடுவார். ஆகவே ஒப்பந்தத்தோடு பழைய அறவீட்டு உத்தியோகத்தர்களையும் எடுத்துக்கொண்டு, அடுத்த தோட்டச் சம்பளத்துக்கு முன் கடன் கைமாறிய அறிவித்தலை ஒவ்வொருவருக்கும் எழுத்தில் கொடுங்கள். அது கிடைக்கும் முன் பழைய கம்பனிக்குக் கட்டியதை மறுபடி கேட்க முடியாது.

கோப்புகளில் ஐந்தைப் பாருங்கள். லொறி, ஆட்டோ பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராகப் பழைய கம்பனி இருந்தால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றும் வரை வண்டியைப் பறிமுதல் செய்ய வழியில்லை. காப்புறுதியிலும் பெயரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் விபத்து நட்டஈடு பழைய கம்பனிக்குப் போய்விடும். அதன் பெயருக்கு எழுதிய பின்திகதிக் காசோலைகள் உங்களுக்கு உதவாது. கடன்பட்டவருக்கு அங்கேயே வைப்பும் இருந்தால், அதைக் கழிக்கச் சொல்வார். அந்தத் தொகையை விலையிலேயே குறையுங்கள். காணி ஈடு என்று எழுதியிருந்தால் காணி உறுதிப் பத்திரத்தைப் பாருங்கள். லய அறை தோட்டத்துக்குச் சொந்தம். அதை ஈடாக எடுத்திருந்தால் அது வெறும் காகிதம்.

மூலதனம் போதாத கம்பனிக்கு இன்னொரு வழி: கிரிப் அறிக்கை (கடன் தகவல் பணியகம் தரும் கடன் வரலாறு) சுத்தமான வாடிக்கையாளரை ஒவ்வொருவராக எடுத்து, புதுக் கடன் கொடுத்துப் பழையதை முடிப்பது. கெப்பெட்டிப்பொலை மரக்கறிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் லொறிக்காரர்களும் அடகு நகைக்காரர்களும் இதற்குப் பொருத்தம். பழைய கடனின் மீதித் தொகையை வாடிக்கையாளர் கையில் கொடுக்காமல் நேரே பழைய கம்பனிக்குக் கட்டி, விடுவிப்புக் கடிதம் வாங்குங்கள். பழைய கம்பனியின் கலைப்பு தொடங்கியிருந்தால், நியமிக்கப்பட்ட கலைப்பாளரின் கையொப்பமே செல்லும். பழைய முகாமையாளர் எழுதித் தருவதை நம்பிப் பணத்தை விடாதீர்கள்.