அஜைலுக்கு மாறும் குழு முதலில் தொட வேண்டியது பில்டை

மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாக உருவாக்கி அடிக்கடி காட்டும் அஜைல் முறைக்கு மாறுவதென்று முடிவானதும் பல குழுக்கள் முதலில் செய்வது காலையில் ஒரு ஸ்டாண்டப் (நின்றபடி நடத்தும் சிறு கூட்டம்) வைப்பதுதான். நிரல் எழுதும் முறை பழையபடியே இருக்கும். டெமோ மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேண்டும் என்பார்கள். மூன்றாவது ஸ்பிரின்ட்டிலேயே, அதாவது இப்படியான மூன்றாவது வேலைச் சுற்றிலேயே, மூச்சு முட்டிவிடும். அடிக்கடி மாறும் தேவைக்கு ஈடுகொடுக்க, நிரலில் கை வைக்கும் பயம் போக வேண்டும். 2001-இல் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதும் முன்பே, மென்பொருள் பொறியாளர் கென்ட் பெக் வகுத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற முறையில் இதற்கான பழக்கங்கள் இருந்தன. அங்கிருந்து தொடங்குங்கள்.

முதல் வாரம் பில்ட், அதாவது நிரலை ஓடக்கூடிய மென்பொருளாகத் தொகுப்பது. யார் நிரலைச் சேர்த்தாலும் ஒரு சர்வர் தானாகவே முழுவதையும் பில்ட் செய்து டெஸ்டுகளை (நிரலைச் சரிபார்க்கும் சிறு நிரல்களை) ஓட்ட வேண்டும். இதற்கான கருவிகளான ஜென்கின்ஸ், கிட்லேப் எது கைவசம் இருந்தாலும் போதும். 10 நிமிடத்துக்குள் முடியவேண்டும். அதற்கு மேல் இழுத்தால் முடிவைப் பார்க்காமலே அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். பில்ட் உடைந்தால் அதைச் சரிசெய்வதுதான் எல்லோருக்கும் முதல் வேலை. 10 நிமிடத்தில் பிடிபடவில்லையா, அந்த மாற்றத்தை ரிவர்ட் செய்து பழைய நிலைக்குத் திரும்புங்கள். ரிவர்ட் செய்தவரை யாரும் குறைசொல்லக் கூடாது.

ஒவ்வொருவரும் நாளுக்கு ஒருமுறையாவது தன் நிரலை மெயின் கிளையில் (குழுவின் பொதுவான நிரலில்) மெர்ஜ் செய்யட்டும், அதாவது சேர்க்கட்டும். இரண்டு வாரம் தனியே வளர்ந்த கிளையைச் சேர்க்கவே இரண்டு நாள் போகும். முடியாத வேலையை ஃபீச்சர் ஃபிளாக் (ஒரு வசதியை இயக்கவும் அணைக்கவும் நிரலில் வைக்கும் சுவிட்ச்) போட்டு மறைத்து வையுங்கள். வெளியிட்டதும் ஃபிளாகை நீக்கிவிட வேண்டும்: 10 ஃபிளாக் சேர்ந்தால் 1,024 விதமான நிலைகள், எதையும் முழுதாகச் சோதிக்க முடியாது.

டெஸ்டில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பழைய நிரல் முழுவதற்கும் டெஸ்ட் எழுத உட்காராதீர்கள், பாதியில் நின்றுபோகும். பக் வந்தால், அதைக் காட்டித் தோற்கும் டெஸ்டை முதலில் எழுதிவிட்டுத் திருத்துங்கள். பழைய ஃபங்ஷனை மாற்றும் முன், அது இப்போது என்ன தருகிறதோ அதை அப்படியே பதிவுசெய்யும் டெஸ்ட் ஒன்று எழுதுங்கள், தருவது தப்பாகவே இருந்தாலும். புது நிரலுக்கு: தோற்கும் டெஸ்ட், அது தேறும் அளவுக்கு நிரல், பிறகு சீரமைப்பு. ஒரு சுற்று சில நிமிடங்கள்தான். அவசரத்தில் விடுபடுவது எப்போதும் அந்த மூன்றாவது படி. சில மாதங்களில் நிரல் கெட்டிப்பட்டுப்போவது அதனால்தான்.

கடிகாரம், நெட்வொர்க், பொதுவான டேட்டாபேஸ் இவற்றை நம்பும் டெஸ்டுகள் ஒருமுறை தேறும், மறுமுறை தோற்கும். அப்படிப்பட்டதை அன்றே பில்டிலிருந்து எடுத்துச் சரிசெய்யுங்கள். விட்டுவைத்தால் ‘இன்னொருமுறை ஓட்டிப் பார்க்கலாம்’ என்பதே பழக்கமாகி, உண்மையான தோல்வியையும் யாரும் கவனிக்க மாட்டார்கள். கவரேஜ் (டெஸ்டுகள் ஓட்டிப் பார்க்கும் நிரலின் பங்கு) இத்தனை சதவீதம் என்று இலக்கும் வைக்காதீர்கள்: எதையும் சரிபார்க்காத டெஸ்டுகள் குவியும்.

இனி ஸ்டோரி, அதாவது பயனருக்கு வேண்டிய ஒரு சிறு வேலை. இரண்டு மூன்று நாளில் முடியாதது பெரியது. இந்த வாரம் டேட்டாபேஸ், அடுத்த வாரம் திரை என்று அடுக்கு அடுக்காகப் பிரித்தால் எதையும் பயன்படுத்திப் பார்க்க முடியாது. அறிக்கை பதிவிறக்கம் என்றால், முதலில் போன மாதத்துக்கு மட்டும் சிஎஸ்வி (எளிய அட்டவணைக் கோப்பு); பிறகு தேதி தேர்வு; பிறகு பிடிஎஃப். ஐந்து பேர் குழுவில் ஒரே நேரத்தில் மூன்று ஸ்டோரிக்கு மேல் திறக்க வேண்டாம். கை ஓய்ந்தவர் புதிதாக எடுக்கும் முன் ரிவ்யூவில் (மற்றவர் பார்த்துச் சரிசொல்ல) கிடப்பதை முடிக்கட்டும். சிக்கலான ஸ்டோரிக்கு இருவர் சேர்ந்து உட்காருங்கள், நாளுக்கு இரண்டு மணி நேரம். அரை மணிக்கொருமுறை கீபோர்டு கை மாறட்டும்.

கூட்டங்கள் இதற்குப் பிறகுதான். அஜைலின் ஒரு வடிவமான ஸ்கிரம் விதிப்படி ஸ்பிரின்ட் ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது. தொடங்க இரண்டு வாரம் சரியாக இருக்கும். ஸ்டாண்டப் 15 நிமிடம். மேலாளரைப் பார்த்து ஒப்பிக்காமல், வேலைகளின் நிலையைக் காட்டும் போர்டில் எது நகராமல் நிற்கிறது என்று பேசுங்கள். ஸ்டோரி பாயின்ட்டை (ஒரு ஸ்டோரி எவ்வளவு பெரியது என்று குழு போடும் மதிப்பெண்ணை) வைத்து இரண்டு குழுக்களை ஒப்பிடவே கூடாது. எண் ஏறும், வேலை ஏறாது. ரெட்ரோவில் (ஸ்பிரின்ட் முடிவில் நடந்ததை அலசும் கூட்டத்தில்) பத்துத் தீர்மானம் வேண்டாம். ஒரே மாற்றம், பொறுப்பேற்பவர் பெயர், தேதி. அடுத்த ரெட்ரோ ‘அது நடந்ததா?’ என்ற கேள்வியோடு தொடங்கட்டும்.