ஆய்விதழுக்கு அனுப்பும் முன் கோப்பிலிருந்து உங்கள் பெயரை எடுத்துவிடுங்கள்

நீங்கள் அனுப்பப்போகும் இதழ் இருபக்கமும் பெயர் மறைத்து மதிப்பிடும் இதழா என்று முதலில் பாருங்கள், அதாவது மதிப்பீட்டாளர் யாரென்று உங்களுக்கும் தெரியாது, நீங்கள் யாரென்று அவருக்கும் தெரியாது. அப்படியென்றால் முதல் பக்கத்தில் பெயரை அழித்தால் மட்டும் போதாது. வேர்டு கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் தானாகவே பதிந்திருக்கும், திருத்தங்களைப் பதிவுசெய்யும் டிராக் சேஞ்சஸிலும் ஓரத்தில் போட்ட கமென்ட்டுகளிலும் கூட்டாளிகளின் பெயர் அப்படியே நிற்கும். ஃபைல், இன்ஃபோ, அங்கே 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' என்று போனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நீக்கலாம். நீக்கிய சில விவரங்களைத் திரும்பக் கொண்டுவர முடியாது, அதனால் நகல் எடுத்து அதில் செய்யுங்கள். பிடிஎஃப் ஆக்கிய பிறகும் அதன் பண்புகளை ஒரு தடவை திறந்து பாருங்கள்.

அப்புறம் சொந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டும் இடம். "எங்கள் முந்தைய ஆய்வில் காட்டியபடி" என்று எழுதிப் பக்கத்திலேயே பெயரும் ஆண்டும் போட்டால் மறைத்ததெல்லாம் வீண். வேறொருவரின் ஆய்வைச் சொல்வதுபோல, "இன்னாரின் ஆய்வு காட்டியபடி" என்று படர்க்கையில் எழுதுங்கள்.

நன்றியுரை, நிதி உதவி, ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்சிட் (ORCID) எண் எல்லாம் தனித் தலைப்புப் பக்கக் கோப்புக்குப் போகட்டும். நெறிமுறைக் குழு ஒப்புதல் சொல்லும் வரியில் உங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்கும், எளிதில் கண்ணில் படாமல் போவது இதுதான். படங்களின் கோப்புப் பெயர்களையும் மாற்றிவிடுங்கள்.