மாரி முடிந்து வந்த குழாய்கள்

மட்டக்களப்பில் மெலியோய்டோசிஸ் நோயாளர் கூடுவது மாரியோடுதான். வயற்சேற்றிலும் தண்ணீரிலும் வாழும் பக்டீரியாவால் வரும் நோய் அது. நீரிழிவு உள்ள விவசாயிகளை அதிகம் பிடிக்கும். அதைப் பற்றி இறுதியாண்டுப் பிள்ளைகளை வைத்து ஒரு சிறு ஆய்வு செய்ய நிதி கேட்டோம், கிடைத்தது. அதற்குப் பிறகுதான் மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுகளை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்டோம். பிறகு மூன்று விலைமனு, பெறுகைக் குழு, கையொப்பங்கள். மாதிரிக் குழாய்கள் வந்து சேர்ந்த கிழமை வயல்வட்டையில் அறுவடை முடிந்து வைக்கோல் கிடந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு இன்னொரு மாரி இல்லை, பட்டம் முடித்துப் போய்விட்டார்கள்.

வந்தாறுமூலை, சம்மாந்துறை போன்ற சிறிய பல்கலைக்கழக வளாகங்களில் இருந்து ஆய்வு நிதிக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் முதலில் மழையிலிருந்து பின்னோக்கி மாதங்களை எண்ணுங்கள். நெறிமுறை அனுமதிக்கான மனுவை நிதி விண்ணப்பத்தோடு சேர்த்தே எழுதுங்கள். எடுத்து முடித்த மாதிரிகளுக்குப் பின்னால் போய் அனுமதி வாங்க முடியாது.

அடுத்த தவறு, பெரிய பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தைப் பார்த்து எழுதுவது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவகம் 1985 இலிருந்து, தன்னிடம் அதிக நிதி பெறாத கல்லூரிகளுக்கென்றே ஆர் 15 என்ற நிதியை வைத்திருக்கிறது. அமெரிக்க நிறுவனங்களுக்கு மட்டுமானது; நாம் கேட்க முடியாது. ஆனால் அங்கே மதிப்பீட்டாளர் தேடுவதைக் கவனியுங்கள்: மாணவர் கையால் என்ன வேலை நடக்கும் என்பதை. நம் விண்ணப்பங்களிலோ மாணவர் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக வருவார்கள். இலங்கையின் தேசிய விஞ்ஞான மன்றத்துக்கு எழுதினாலும் சரி, பல்கலைக்கழகத்தின் உள் நிதிக்கு எழுதினாலும் சரி, எந்தப் பிள்ளை எந்த மாதம் என்ன செய்வார் என்று எழுதுங்கள். பரீட்சைக் காலத்தையும் அதிலே குறியுங்கள்.

செய்ய முடியாததை வாக்களிக்கவும் வேண்டாம். மெலியோய்டோசிஸ் கிருமியை வளர்த்துக் கையாள உயர் பாதுகாப்புள்ள ஆய்வகம் வேண்டும். இளமாணி மாணவரை அதற்குள் விடுவதாக எழுதினால் மதிப்பீட்டாளர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார், நிறுத்தவும் வேண்டும். விவசாயிகளிடம் கேள்விக்கொத்து நிரப்புவது, சப்பாத்தும் கையுறையும் போட்டு மண் எடுப்பது, தரவு பதிவது பிள்ளைகளுக்குப் போதும். வளர்ப்பு வேலையை வசதியுள்ள ஆய்வகத்தோடு எழுத்திலே ஒப்பந்தம் செய்யுங்கள்.

செலவுத் திட்டத்தில் பலர் உறைபெட்டி கேட்பார்கள், மின்பிறப்பாக்கி கேட்க மாட்டார்கள். ஒருமுறை நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு நாங்கள் மூடியைத் திறந்தபோது பெட்டிகளின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. குழாய்களில் பேனையால் எழுதிய இலக்கங்கள் கரைந்து நீலக் கறையாகிவிட்டன. நாற்பது பேர் நம்பித் தந்த இரத்தம் அது. அன்றிலிருந்து மின்சாரம், பராமரிப்பு, அழியாத ஒட்டுச்சீட்டு மூன்றையும் தனித்தனி வரியாகவே எழுதுகிறேன்.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் இழுப்பறையில் போட்டு மூடாதீர்கள். மதிப்பீட்டாளர் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் உங்கள் பதிலை எழுதி, அடுத்த சுற்றுக்கு அதே ஆய்வைத் திருத்தி அனுப்புங்கள்.