பிரிண்டர் ஷேரிங்: டிரைவரில் கை வைக்கும் முன்

சென்னையில் ஒரு சின்ன டிசைன் ஆபீஸையோ டிடிபி கடையையோ எடுத்துக்கொள்ளுங்கள். பில் போட விண்டோஸ், டிசைனுக்கு மேக், கூடவே ஒருவரிடம் உபுண்டு லேப்டாப். பிரிண்டர் மட்டும் ஒன்றே ஒன்று, விண்டோஸ் கம்ப்யூட்டரில் யூஎஸ்பி கேபிளில் இருக்கும்; மற்றவை நெட்வொர்க் வழியாக அதையே பகிர்ந்துகொள்ளும். திடீரென்று மேக்கிலிருந்து பிரிண்ட் வரவில்லை என்றால் எல்லோரும் உடனே டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) அழித்துவிட்டு மறுபடி ஏற்றுகிறார்கள். நேற்றுவரை ஓடிய டிரைவர் தானாகக் கெடுவது அபூர்வம். முதலில் நெட்வொர்க்கைப் பாருங்கள், அடுத்து பாஸ்வேர்டை.

கரண்ட் போய் வந்த பிறகு ரவுட்டர் அந்த விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு வேறு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) கொடுத்திருக்கலாம். ஐபியை வைத்து பிரிண்டரைச் சேர்த்திருந்தால், மேக் இன்னும் பழைய முகவரியைத்தான் தேடும். ரவுட்டரில் முகவரிகளைப் பங்கிடும் டிஎச்சிபி பக்கத்தில் அந்தக் கம்ப்யூட்டருக்கென்று ஒரு முகவரியை ரிசர்வ் செய்துவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது. லேப்டாப் கெஸ்ட் வைஃபையில் இருக்கிறதா, விண்டோஸில் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். 'பிரைவேட்' என்று மாற்றினால்தான் ஷேரிங்குக்கு ஃபயர்வால் வழிவிடும்.

அதிகம் பேர் மாட்டுவது பாஸ்வேர்டில். மேக்கின் பிரிண்ட் வரிசையில் 'ஹோல்ட் ஃபார் ஆதென்டிகேஷன்' என்று வேலை அப்படியே நிற்கும். பெயரும் பாஸ்வேர்டும் கேட்டால், விண்டோஸைத் திறக்க தினமும் தட்டுகிற பின் நம்பரையே போடுகிறார்கள். அந்தப் பின் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான், நெட்வொர்க் வழியாகச் செல்லாது. கணக்கின் நிஜ பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க்கில் உள்ளே விடாது. பிரிண்டுக்கென்றே ஒரு தனி லோக்கல் பயனர் கணக்கை, நல்ல பாஸ்வேர்டோடு உருவாக்கி எல்லா மெஷினிலும் அதையே கொடுப்பதுதான் என் சிபாரிசு. முன்பு தப்பாகச் சேமித்தது மேக் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கீசெயினில் இருந்தால், அதை முதலில் நீக்குங்கள்.

இந்த இடத்தில் பொறுமை இழந்து, "எஸ்எம்பி1-ஐ ஆன் பண்ணிடுங்க, சரியாகிடும்" என்பவர்கள் உண்டு. ஃபைல், பிரிண்டர் ஷேரிங்குக்கு விண்டோஸ் பயன்படுத்தும் நெறிமுறையின் பழைய பதிப்பு அது. தயவுசெய்து செய்யாதீர்கள். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீம்பொருள் பரவியது அந்தப் பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. ஒரு பிரிண்டுக்காக வாடிக்கையாளர்களின் ஃபைல்களையெல்லாம் ஆபத்தில் வைக்கக் கூடாது.

பேப்பர் பேப்பராகக் குப்பை எழுத்துகள் வந்தால் மட்டும் டிரைவரைச் சந்தேகியுங்கள். கேனான் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 போன்றவற்றுக்குப் போஸ்ட்ஸ்கிரிப்ட் (பக்கத்தை விவரித்து பிரிண்டருக்கு அனுப்பும் மொழி) புரியாது. பக்கத்தைத் தயாரிக்கும் வேலையைக் கம்ப்யூட்டரே செய்து அனுப்ப வேண்டும். மேக்கில் 'ஜெனரிக் போஸ்ட்ஸ்கிரிப்ட்' என்று தேர்ந்தெடுத்தால் ஒரு ரீம் வீண். அந்த மாடலுக்கான டிரைவரே வேண்டும். குப்பையும் இல்லாமல், பேப்பரும் வராமல் விளக்கு மட்டும் மின்னினால், உபுண்டுவில் பேப்பர் அளவு 'லெட்டர்' (அமெரிக்கத் தாள் அளவு) என்று இருக்கிறதா பாருங்கள். ஏ4 வைத்த ட்ரேயில் பிரிண்டர் லெட்டர் தாளுக்குக் காத்திருக்கும்.

அடுத்து சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பிரிண்டர் வாங்கப் போனால், டிரைவர் இல்லாமலே பிரிண்ட் எடுக்க வழிசெய்யும் ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் ஆதரவோடு நேரடியாக நெட்வொர்க்கில் இணையும் மாடலாகக் கேளுங்கள். மேக்குக்கும் லினக்ஸுக்கும் தனி டிரைவர் தேவைப்படாது. விண்டோஸ் கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் பிரிண்ட் வரும்.